சார்லஸ் பர்னெட்: எடுத்த படங்களும் எட்டாத திரையரங்குகளும்

#1 பின்வரிசை

சார்லஸ் பர்னெட்டைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் ஒரே பல்லவிதான். மாணவராக இருந்தபோதே மகத்தான படம் ஒன்றை எடுத்தார், அப்புறம் அமெரிக்கா அவரைக் கண்டுகொள்ளவில்லை, வயதான காலத்தில் கௌரவ ஆஸ்கர் ஒன்றைக் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கண்டுகொள்ளாமல் விட்டது யார், எந்த ஆண்டில், எந்தப் படத்தில் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பர்னெட் படம் எடுக்கத் திணறியவர் அல்ல. கையில் 10,000 டாலர்கூட இல்லாதபோதும் எடுத்தார். 80,000 கிடைத்தபோதும் எடுத்தார். 14 லட்சம் கிடைத்தபோதும் எடுத்தார். ஒவ்வொரு முறையும் அடி விழுந்தது படம் முடிந்த பிறகுதான். பாட்டு உரிமை, அரைகுறைப் படத்தை அவசரமாகத் திரையிட்ட தயாரிப்பாளர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய திரையரங்குகள், ஒரே ஒரு மோசமான விமர்சனம். விநியோகம் என்ற அந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் மொத்த வாழ்க்கையும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

அவரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1944-ல் மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைந்த இடம். 1965 ஆகஸ்டில் அங்கே மூண்ட கலவரத்தில் 34 பேர் இறந்தபோது அவருக்கு வயது 21. எலக்ட்ரீஷியன் ஆகிவிடலாம் என்று எலக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனவர், எழுத்து வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துக்குத் திரைப்படம் படிக்க வந்து சேர்ந்தார். அங்கே பட்ட மேற்படிப்புக்காக அவர் சமர்ப்பித்த படம்தான் 'கில்லர் ஆஃப் ஷீப்'. பெரும்பாலும் 1972, 73-ன் வார இறுதிகளில் எடுத்தது, 1977-ல் முடிந்தது. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாம் அவரே.

#2 கரிசல்மண்

பின்வரிசை அண்ணா, விநியோகக் கணக்கைப் பிறகு பார்ப்போம். படத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் டாலர் கணக்கில் இறங்கிவிட்டீர்களே.

ஸ்டான் ஆடு அறுக்கும் தொழிற்கூடத்தில் வேலை செய்பவன். தூக்கம் வராது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள். கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். ஆனால் அந்த எஞ்சின் காட்சியை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது. சம்பளக் காசோலையை மாற்றிக்கொண்டு, ஸ்டானும் நண்பன் யூஜினும் பழைய கார் எஞ்சின் ஒன்றை வாங்கப் போகிறார்கள். பேரம் பேசி, அந்த இரும்புப் பாரத்தை இருவருமாகத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார்கள். நாலு படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறார்கள். பர்னெட் இதைச் சுருக்குவதில்லை. எடை நம் தோளுக்கு ஏறும்வரை காட்டுகிறார். ஒருவழியாகப் பின்பக்கம் திறந்த வண்டியின் விளிம்பில் ஏற்றிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளலாம் என்கிறான் ஸ்டான். விரல் நசுங்கிய எரிச்சலில் இருக்கும் யூஜின், இதுவே போதும் என்கிறான். வண்டி நிற்பதோ மேட்டில். கிளப்பிய மறு நொடி எஞ்சின் உருண்டு தெருவில் விழுந்து உடைகிறது. இறங்கிப் பார்க்கிறார்கள். ஒன்றும் செய்வதற்கில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். போகும் வண்டியின் பின்னாலிருந்து கேமரா, தெருவில் கிடக்கும் அந்த எஞ்சின் சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்க்கிறது.

யாரும் அழுவதில்லை, யாரும் முதலாளித்துவத்தைத் திட்டுவதில்லை. வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டிய காட்சி இது, சிரித்தும் விடுகிறோம். அப்புறம்தான் அந்த வாரச் சம்பளத்தில் எவ்வளவு போயிற்று என்ற கணக்கு மனத்தில் ஓடுகிறது.

இதே ஸ்டான், தான் ஏழை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டான். சால்வேஷன் ஆர்மிக்குப் பழைய பொருள்களைத் தானம் கொடுக்கிறேனே, கொடுக்கிறவன் எப்படி ஏழையாவான் என்று வாதாடுவான். இந்த மனிதனை இவ்வளவு அருகில் அமெரிக்கப் படங்கள் அதற்கு முன் பார்த்திருந்தனவா என்பதுதான் என் கேள்வி.

#3 ஒலிநாடா

காட்சியை அருமையாக எழுதிவிட்டீர்கள் அக்கா. ஆனால் பின்வரிசை சொல்வதில் எனக்கு ஒரு முரண்பாடு உண்டு. பாட்டு உரிமையை அமெரிக்கா அவருக்குச் செய்த அநியாயம் போலப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். உரிமை வாங்காமல் பாட்டுகளைப் போட்டது யார்?

டைனா வாஷிங்டன், பால் ராப்சன், லூயி ஆர்ம்ஸ்ட்ராங், எல்மோர் ஜேம்ஸ், எர்த் விண்ட் அண்ட் ஃபயர், நடுவே ரக்மானினாஃப் வேறு. கறுப்பின இசையின் அரை நூற்றாண்டு வரலாற்றையே ஒரு மாணவர் தன் ஒலித்தடத்தில் அடுக்கிவிட்டார். ஒன்றுக்கும் பொதுத் திரையிடலுக்கான அனுமதி இல்லை. விளைவு, 30 ஆண்டுகள் படம் திரையரங்கில் முறையாக வெளியாகவே முடியவில்லை. கல்லூரிகள், அருங்காட்சியகங்கள், விழாக்கள் என்று 16 மி.மீ. பிரதிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. 1981-ல் பெர்லின் விழாவில் விமர்சகர் பரிசு வாங்கியது. 1990-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அதே ஆண்டுப் பட்டியலில் 'தி காட்ஃபாதர்' இருக்கிறது, 'ரேஜிங் புல்' இருக்கிறது. தேசத்தின் சொத்து என்று அரசே அறிவித்த படத்துக்கு ஓர் ஊரில்கூட டிக்கெட் கிழிக்க முடியாது!

கடைசியில் பழைய படங்களை மீட்டு வெளியிடும் மைல்ஸ்டோன் நிறுவனம் உரிமைகளை வாங்கியது. ஏறத்தாழ 1,50,000 டாலர். படத்தின் செலவைப் போலப் பதினைந்து மடங்கு. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் கைகொடுத்தார். பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம் படத்தைச் சீர்செய்து 35 மி.மீ.க்கு மாற்றித் தந்தது. 2007 மார்ச்சில் நியூயார்க்கில் வெளியானது. அப்போதும் ஒரு பாட்டு கிடைக்கவில்லை: முடிவில் வரும் டைனா வாஷிங்டனின் 'அன்ஃபர்கெட்டபிள்'. அதற்குப் பதிலாக அவரே பாடிய 'திஸ் பிட்டர் எர்த்' இரண்டாம் முறையும் ஒலித்தது. பழைய பாட்டு தன் இடத்துக்குத் திரும்பியது 2025-ல் வந்த புதிய 4கே பிரதியில்தான்.

ஆகவே, இந்த ஒரு படத்தின் விஷயத்தில் குற்றவாளிக் கூண்டில் இயக்குநரையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

#4 பின்வரிசை

ஒலிநாடா, கூண்டில் ஏற்றுங்கள், ஆனால் குற்றப்பத்திரிகையைச் சரியாக எழுதுங்கள். அது ஒரு மாணவர் தேர்வுக்குக் கொடுத்த படம். திரையரங்குக்குப் போகும் என்று அவர் எண்ணியே எடுக்கவில்லை. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருக்காரர்கள், மகளாக வருவது அவருடைய உறவுக்காரச் சிறுமி. தெருப் பிள்ளைகளே படப்பிடிப்பு வேலைகளிலும் கைகொடுத்தார்கள். அந்த நிலையில் இசை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் படமே வந்திருக்காது.

இன்னொன்று. அந்தப் பாட்டுகளை எடுத்துவிட்டுப் பாருங்கள், பாதிப் படம் போய்விடும். ஸ்டானும் மனைவியும் ஜன்னல் வெளிச்சத்தில் ஆடும் காட்சியில் வசனம் கிடையாது. 'திஸ் பிட்டர் எர்த்' முழுவதும் ஓடுகிறது. அவள் கைகள் அவன் முதுகிலும் மார்பிலும் அலைகின்றன. அவன் கையிலோ உயிரே இல்லை. பாட்டு முடிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான். ஜன்னலோரம் அவள் தனியே நிற்கிறாள். கேசி மூர் என்ற அந்த நடிகைக்கு அந்த ஒரு காட்சிக்காகவே நாலு விருது கொடுத்திருக்கலாம். உரிமைச் சிக்கலுக்குப் பயந்து யாராவது ஓர் இசைக்கல்லூரி மாணவரை வைத்து வாசிக்கவைத்திருந்தால் இது வருமா?

#5 மூன்றாம் மாடி

நீங்கள் இருவரும் பர்னெட்டை ஒற்றை ஆளாக நிறுத்தி வழக்காடுகிறீர்கள். அவர் கூட்டத்தோடு வந்தவர்.

வாட்ஸ் கலவரத்துக்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பின, ஆசிய, மெக்சிக்க, பூர்வகுடி மாணவர்களுக்கென்று ஒரு திரைப்படத் திட்டத்தைத் தொடங்கியது. எலிசியோ டெய்லர் என்ற கறுப்பின ஆசிரியர் அதற்குப் பின்னால் இருந்தார். 60-களின் இறுதியிலிருந்து அங்கே சேர்ந்தவர்களைப் பாருங்கள்: எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஹெய்லே கெரிமா, ஜூலி டாஷ், பில்லி வுட்பெரி, லாரி கிளார்க், பென் கால்டுவெல், ஜமா ஃபனகா, பார்பரா மெக்கல்லஃப். இந்தக் கூட்டத்துக்கு 'எல்.ஏ. ரெபெல்லியன்' (லாஸ் ஏஞ்சலஸ் கிளர்ச்சி) என்று பெயர் வைத்தவர் கிளைட் டெய்லர் என்ற அறிஞர்.

அந்த நேரத்தில் ஊர்த் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தவை என்ன? 1971-ல் 'ஷாஃப்ட்', 1972-ல் 'சூப்பர் ஃப்ளை'. துப்பாக்கி, தோல் அங்கி, போதை வியாபாரம். கறுப்பர்கள் டிக்கெட் எடுக்கிறார்கள் என்று ஸ்டூடியோக்களுக்குத் தெரிந்துபோன காலம். அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டு, வேலைக்குப் போய்வரும் மனிதனையும் கதவோரம் நிற்கும் மனைவியையும் படம் எடுத்தார்கள் இவர்கள். ஒருவர் படத்துக்கு மற்றவர் கேமரா பிடித்தார். கெரிமாவின் 'புஷ் மாமா' ஒளிப்பதிவில் பர்னெட்டின் கை உண்டு. வுட்பெரியின் 'பிளெஸ் தேர் லிட்டில் ஹார்ட்ஸ்' (1984) படத்துக்குக் கதையும் அவருடையது, கேமராவும் அவருடையது. வேலையில்லாதவன் வீட்டில் மூச்சுத் திணறும் அந்தப் படத்திலும் கேசி மூர் இருக்கிறார். பர்னெட்டின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்தப் படத்தை வுட்பெரியின் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது சரியல்ல.

பின்வரிசையின் வாதத்துக்கு வருகிறேன். விநியோகஸ்தர் கிடைக்காத துயரம் கெரிமாவுக்கும் வந்தது. 1993-ல் 'சங்கோஃபா' படத்தை எடுத்துக்கொண்டு போய் எவரிடமும் கதவு திறக்காதபோது அவர் என்ன செய்தார்? தானே திரையரங்குகளை வாடகைக்குப் பிடித்தார், ஊர் ஊராகப் போய்க் கறுப்பினச் சமூக அமைப்புகளைத் திரட்டினார், படத்தை ஓட்டிக் காட்டினார். அதற்கும் 70 ஆண்டுகளுக்கு முன்னால் ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பின இயக்குநர் தன் படப் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு நகரம் நகரமாகப் போய் விற்றார். வழி இருந்தது. பர்னெட் அந்த வழியில் நடக்கவில்லை. ஏன் என்று கேட்பது தப்பில்லையே?

#6 தேயிலைக்கொழுந்து

நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்துக்காரன். இந்த இழையில் எங்கள் நாட்டுக்கு ஓர் இடம் இருக்கிறது, யாரும் தொடவில்லையே என்று எழுதுகிறேன்.

பர்னெட்டை, எளிய மக்களின் வாழ்க்கையைத் தெருவில் வைத்தே எடுத்த இத்தாலிய நியோரியலிசத்தோடு சேர்த்துக் கட்டுவது விமர்சகர்களின் பழக்கம். ஆனால் தன் ஆசிரியர் என்று அவர் நன்றியோடு குறிப்பிட்டு வருவது ஓர் ஆங்கிலேயரை: பசில் ரைட். 1934-ல் இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர். அவர் பிற்காலத்தில் லொஸ் ஏஞ்சலஸில் பாடம் நடத்தியபோது பர்னெட் அவருடைய வகுப்பில் இருந்தார். படமெடுக்கப்படும் மனிதரை மதிப்போடு அணுக வேண்டும் என்பதை அவரிடமிருந்து கற்றதாகச் சொல்கிறார்.

அந்த மதிப்பைப் பற்றி எனக்குச் சில கேள்விகள் உண்டு. தேயிலை விற்பதற்காக எடுத்த படம் அது. கொழுந்து பறித்த எங்கள் பாட்டிமார் அதில் அழகாகத் தெரிகிறார்கள், தோட்டத் தொழிலாளர் அடைந்து வாழ்ந்த லயன் அறைகளும் கூலிக்கணக்கும் தெரிவதில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தின் மூன்றாம் பகுதியில் உழைப்பவர்கள் திரையில் இருக்கும்போது ஒலித்தடத்தில் சந்தை நிலவரமும் வணிகக் குரல்களும் ஓடும். கண் ஒன்றைப் பார்க்கும், காது வேறொன்றைக் கேட்கும். இடையிலே உள்ள பொருத்தமின்மை பார்ப்பவனை உறுத்தும். 'கில்லர் ஒஃப் ஷீப்' படத்தில் இடிபாடுகளுக்கு நடுவே பிள்ளைகள் விளையாடும்போது, எனக்கு அமெரிக்கா என்பது எது என்று பால் ரொப்சன் பாடுகிறாரே, அங்கே எனக்கு ரைட்டின் படம்தான் நினைவுக்கு வந்தது. இது என் வாசிப்பு. பர்னெட் அப்படி எண்ணிச் செய்தார் என்று நான் சொல்லவரவில்லை.

ஆனால் மாணவன் ஆசிரியரை மிஞ்சிய இடம் ஒன்று உண்டு. ரைட் வெளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனவர். பர்னெட் அந்தத் தெருவிலேயே வளர்ந்தவர்.

#7 ஒலிநாடா

தேயிலைக்கொழுந்து தோழரின் பதிவுக்காகவே இந்த இழையைச் சேமித்து வைத்துக்கொண்டேன். மூன்றாம் மாடி கேட்ட கேள்விக்குப் பின்வரிசை பதில் சொல்லட்டும், காத்திருக்கிறேன்.

#8 பின்வரிசை

சொல்கிறேன். கெரிமாவுக்கு வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை இருந்தது. மாதச் சம்பளம், மாணவர்கள், கறுப்பினத்தவர் பெருவாரியாக வாழும் ஒரு நகரம். அந்தத் தளத்தின் மேல் நின்றுதான் அவர் திரையரங்கு பிடித்தார். அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அசாத்தியமான காரியம்தான். ஆனால் பர்னெட்டுக்கு அப்படியொரு தளம் இல்லை.

'மை பிரதர்ஸ் வெட்டிங்' (1983) கதையைக் கேளுங்கள். கலைஞர்களுக்குத் தரும் குகன்ஹைம் நல்கையும் ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சிப் பணமும் சேர்ந்து சுமார் 80,000 டாலர். பெற்றோரின் சலவைக் கடையில் வேலை செய்யும் பியர்ஸ் என்ற இளைஞன். வக்கீலாகிவிட்ட அண்ணனின் பணக்காரக் கல்யாணமும், இறந்துபோன நண்பனின் சவ அடக்கமும் ஒரே நாளில் வந்துவிடுகின்றன. எங்கே போவான்? பர்னெட் படத்தொகுப்பை முடிப்பதற்குள் தயாரிப்புத் தரப்பு 115 நிமிட அரைகுறைப் பிரதியை நியூயார்க்கில் ஒரு திரைப்பட விழாவுக்கு அனுப்பிவிட்டது. நியூயார்க் டைம்ஸ் விமர்சனம் அரைமனதாக வந்தது. விநியோகஸ்தர்கள் அத்தோடு ஒதுங்கிக்கொண்டார்கள். படம் அலமாரிக்குப் போயிற்று. 2007-ல், அதாவது 24 ஆண்டுகள் கழித்து, அவர் உட்கார்ந்து அதை 82 நிமிடமாக வெட்டி முடித்தார். ஓர் இயக்குநரை முப்பத்தொன்பது வயதில் நிறுத்திவைத்து, அறுபத்து மூன்றில் 'இப்போது முடித்துக்கொள்' என்று சொன்னால், நடுவே உள்ள காலத்துக்கு யார் பொறுப்பு?

#9 கரிசல்மண்

நடுவே உள்ள காலத்தில்தான் 'டு ஸ்லீப் வித் ஆங்கர்' (1990) வந்தது. அண்ணன்மார் சண்டையில் என் பிரியமான படத்தை விட்டுவிடாதீர்கள்.

1988-ல் படைப்பாளிகளுக்குத் தரும் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. டேனி குளோவர் அப்போது 'லெத்தல் வெப்பன்' வழியாகப் பெரிய நட்சத்திரம். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, நிர்வாகத் தயாரிப்பாளராகப் பெயரையும் கொடுத்து நடித்தார். அவர் இல்லாவிட்டால் அந்த 14 லட்சம் திரண்டிருக்காது.

கிடியன், சூஸி என்ற வயதான தம்பதி. லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்தாலும் கொல்லையில் கோழி வளர்க்கிறார்கள், காய்கறி போடுகிறார்கள், மனசெல்லாம் தெற்கில். மகன்கள் இருவர், மூத்தவன் பொறுப்புள்ளவன், இளையவனை இன்னும் 'குட்டித் தம்பி' என்றே கூப்பிடுகிறார்கள், அவனுக்கு அதில் எரிச்சல். ஒரு நாள் ஊர்க்காரர் ஹாரி கையில் பெட்டியோடு வந்து நிற்கிறார். தங்கிக்கொள்ளட்டுமா? தாராளமாக. அந்தக் காலத்து மரியாதை, இனிமையான பேச்சு, கொஞ்சம் சீட்டாட்டம். குழந்தை பெருக்கும்போது துடைப்பம் ஹாரியின் காலில் பட்டுவிட, அந்த இனிமை ஒரு நொடியில் காணாமல் போகிறது. அந்த ஒரு நொடியில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. கிடியன் படுக்கையில் விழுகிறார். இளையவன் ஹாரியின் பக்கம் சாய்கிறான். அண்ணன் தம்பிக்குள் கத்தி எடுக்கும் அளவுக்குப் போகிறது. நடுவே பாய்ந்த தாயின் கை கிழிகிறது.

அப்புறம் வருவதுதான் பர்னெட்டின் கைவரிசை. ஹாரி சமையலறையில் சிறுவனின் கோலிக்குண்டுகள் மேல் கால்வைத்து வழுக்கி விழுந்து செத்துப்போகிறார். பிணத்தை எடுத்துப்போக அதிகாரிகள் வரவேண்டும், வருவதாகத் தெரியவில்லை. போர்வை போர்த்திய உடல் அடுப்புக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆட்கள் வருகிறார்கள், போகிறார்கள், பேசுகிறார்கள், பசிக்கிறது. கறுப்பர் வீட்டுப் பிணத்துக்கு நகரம் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார், அதுவும் நகைச்சுவையாக. சாவு வீட்டில் எந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிடும் என்று தெரிந்தவர் எடுத்த படம். பக்கத்து வீட்டுப் பையன் படம் முழுவதும் டிரம்பெட்டை ஊதிக் கழுத்தறுக்கிறான். கடைசியில் அவனுக்குத் திடீரென்று சுருதி கூடிவிடுகிறது.

சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு, ஸ்டூடியோ சாராத படங்களுக்கான இண்டிபெண்டென்ட் ஸ்பிரிட் விருதுகளில் இயக்கம், திரைக்கதை, குளோவருக்கு நடிப்பு, ஷெரில் லீ ரால்ஃபுக்குத் துணை நடிப்பு. அமெரிக்காவில் வசூல் 11 லட்சத்துச் சொச்சம் டாலர். பின்வரிசை அண்ணாவுக்குச் சாதகமான எண்தான், எடுத்துக்கொள்ளட்டும்.

#10 மூன்றாம் மாடி

எடுத்துக்கொள்வதற்கு முன் ஒரு நிமிடம். சாமுவேல் கோல்ட்வின் நிறுவனம் அந்தப் படத்தை மிகக் குறைந்த திரையரங்குகளில் போட்டது, கறுப்பினப் பார்வையாளர்களிடம் கொண்டுசேர்க்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு கறுப்பின இயக்குநரான ஸ்பைக் லீயின் 'டூ த ரைட் திங்' வந்து நாடே பேசியது. ஸ்பைக் லீ தன் முதல் படத்திலிருந்தே தன்னையும் சேர்த்து விற்றவர். நைக்கி விளம்பரத்தில்கூடத் தன் கதாபாத்திரமாகவே வந்து நின்றார். படம் பேசாத இடத்தில் அவர் பேசினார். பர்னெட்டின் பேட்டிகளைப் பாருங்கள். மெல்லிய குரல், தன்னைப் பற்றிய பெருமை எதுவும் கிடையாது. அது ஒரு குணம், நான் மதிக்கும் குணம். ஆனால் அந்தத் தொழிலில் அதற்கு ஒரு விலை உண்டு. எல்லாப் பழியையும் விநியோகத்தின் தலையில் கட்டினால் இந்தப் பக்கம் தெரியாமல் போய்விடும்.

#11 பள்ளிக்கூடத்தார்

நான் முப்பது வருடம் பாடம் நடத்திய ஆசிரியை. இங்கே ஒருவரும் தொலைக்காட்சியைப் பற்றி வாய் திறக்காதது எனக்கு வருத்தம். 1990-க்குப் பிறகு பர்னெட் எடுத்தவற்றில் பெரும் பங்கு தொலைக்காட்சிக்குத்தான். அதைச் சரிவு என்று நீங்கள் எல்லோரும் மனத்துக்குள் முடிவுகட்டிவிட்டீர்கள்.

'தி கிளாஸ் ஷீல்ட்' (1994) திரையரங்கப் படம்தான். வெள்ளையர் மட்டுமே இருந்த காவல் நிலையத்துக்கு வரும் முதல் கறுப்பின அதிகாரியின் கதை. மிராமாக்ஸ் நிறுவனம் அதை எப்படி விற்றது? சிறிய வேடத்தில் வரும் ராப் பாடகர் ஐஸ் கியூபை முன்னால் நிறுத்தி, ஏதோ சண்டைப் படம் போல. நிதானமாக நகரும் படத்தைச் சண்டைக்காக வந்தவர்கள் எப்படி ரசிப்பார்கள்? வந்த சுவடு தெரியாமல் போயிற்று.

இரண்டே ஆண்டுகளில் டிஸ்னி சேனலுக்காக 'நைட்ஜான்' எடுத்தார். அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றமாக இருந்த தெற்கு. வடக்கே தப்பிப்போய் விடுதலை பெற்ற ஒருவன், மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அடிமைத்தனத்துக்குத் திரும்பி வருகிறான். சார்னி என்ற சிறுமி அவனிடம் எழுத்துப் படிக்கிறாள். படிக்கப் படிக்க எஜமானரின் கணக்கும் கடிதமும் அவளுக்கு விளங்க ஆரம்பிக்கின்றன; வீட்டுக்குள் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பதும் விளங்குகிறது. எழுத்தறிவால் ஒரு பிள்ளைக்கு என்ன நேர்கிறது என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை. வகுப்பில் போட்டுக் காட்டியபோது கடைசி வரிசைப் பிள்ளைகள்கூட அசையவில்லை.

'டு ஸ்லீப் வித் ஆங்கர்' எத்தனை கறுப்பினக் குழந்தைகளை எட்டியிருக்கும்? டிஸ்னி சேனல் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும்? திரையரங்கு அவரைக் கைவிட்டது என்று அழுகிறவர்கள், அவர் வேறு கதவு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டதைக் கவனிக்கவில்லை. 1998-ல் ஹாலி பெர்ரி நடித்த 'தி வெட்டிங்', 1999-ல் 'செல்மா, லார்ட், செல்மா' எல்லாமே அந்தக் கதவு வழியாக வந்தவைதான். தரத்தில் எல்லாம் ஒன்றல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். 'செல்மா' பாடப்புத்தகம் போல இருக்கிறது.

#12 பின்வரிசை

டீச்சர், 'நைட்ஜான்' பற்றி எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. அதோடு 1995-ல் எடுத்த 'வென் இட் ரெய்ன்ஸ்' என்ற 13 நிமிடக் குறும்படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகை கட்ட முடியாத ஒரு பெண்ணுக்காக ஒருவர் அக்கம்பக்கம் முழுவதும் காசு கேட்டு அலைகிறார், கடைசியில் காசு சாதிக்காததை ஒரு பழைய ஜாஸ் இசைத்தட்டு சாதிக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. அவர் விரும்பித் தொலைக்காட்சிக்குப் போனாரா, மற்ற கதவுகள் சாத்தியிருந்ததால் போனாரா?

சாத்தியிருந்தது என்பதற்குச் சாட்சி 'தி அனிஹிலேஷன் ஆஃப் ஃபிஷ்' (1999). ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ், லின் ரெட்கிரேவ், மார்கோ கிடர். மூன்று பேரும் பெயர் பெற்றவர்கள். கண்ணுக்குத் தெரியாத பேயோடு மல்யுத்தம் செய்யும் ஒரு ஜமைக்காக்காரர், இறந்துபோன இசையமைப்பாளர் புச்சினியைக் காதலிப்பதாகச் சொல்லும் ஒரு பெண்மணி, இருவரும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வாடகை வீட்டில். முதுமைக் காதல். டொராண்டோ விழாவில் திரையிட்டார்கள். திரைத்தொழில் இதழான வெரைட்டி கடுமையாக எழுதிவிட்டது. விநியோகம் அத்தோடு நின்றது. ஆமாம், ஒரு விமர்சனம்! இரண்டு மூன்று நல்ல விமர்சனங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அது ஒன்றும் செய்திருக்காது. ஆனால் சிறிய படத்துக்கு முதல் விமர்சனமே கடைசி விமர்சனம்.

படம் அமெரிக்கத் திரையரங்குக்கு வந்தது 2025 பிப்ரவரியில். அதற்குள் ரெட்கிரேவ் 2010-ல் போய்விட்டார், கிடர் 2018-ல், ஜோன்ஸ் 2024 செப்டம்பரில். தாங்கள் நடித்த படம் வெளியானதை மூவரில் ஒருவரும் பார்க்கவில்லை. மூன்றாம் மாடி, இதற்கும் மெல்லிய குரலைத்தான் காரணம் சொல்வீர்களா?

#13 மூன்றாம் மாடி

இதற்குச் சொல்லமாட்டேன். இந்தப் படத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். மற்றவற்றில் நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன்.

#14 தேயிலைக்கொழுந்து

2017 நவம்பரில் கௌரவ ஒஸ்கார் கொடுத்த அதே மேடையில் பிரெஞ்சு இயக்குநர் அஞ்ஞேஸ் வார்தாவும் இருந்தார், நடிகர் டொனால்ட் சதர்லண்டும் இருந்தார். நல்ல வரிசை. அதே ஆண்டில் 'டு ஸ்லீப் வித் ஆங்கர்' படமும் தேசியப் பதிவேட்டில் சேர்ந்தது.

இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்று: 2007-ல் நமீபியா அரசின் பணத்தில் அந்நாட்டு விடுதலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு பெரும் படம் எடுத்தார். போராட்டத் தலைவர் சாம் நுயோமாவாக நடித்தவர் கார்ல் லம்ப்லி. வாட்ஸ் தெருவை எடுத்தவர் போர்க்களத்தையும் அரசியல் கூட்டங்களையும் எடுத்திருக்கிறார். எனக்கு அது நீண்டு இழுத்த படமாகத்தான் தோன்றியது. அரசு பணம் கொடுத்தால் தலைவர் எல்லாக் காட்சியிலும் நிற்பார், வேறு வழியில்லை. தேயிலைச் சபை பணம் கொடுத்தால் தேயிலை நிற்பதைப் போல.

#15 புதுவரவு

எல்லாவற்றையும் வாசித்தேன். நான் ஒரு படமும் பார்க்கவில்லை. எதில் தொடங்குவது? 'மை பிரதர்ஸ் வெட்டிங்' இரண்டு பிரதிகள் இருப்பதாகச் சொல்கிறீர்களே, எதைப் பார்ப்பது?

#16 கரிசல்மண்

தம்பி, 'டு ஸ்லீப் வித் ஆங்கர்' பாருங்கள் முதலில். குடும்பக் கதை, உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் 'கில்லர் ஆஃப் ஷீப்'. கதை எங்கே என்று தேடாமல் 80 நிமிடம் உட்காருங்கள். டீச்சர் கோபித்துக்கொள்வார்கள், 'நைட்ஜான்' மூன்றாவது.

#17 ஒலிநாடா

'மை பிரதர்ஸ் வெட்டிங்' விஷயத்தில்: மைல்ஸ்டோன் வெளியிட்ட டிவிடி தொகுப்பில் 115 நிமிடப் பிரதி, 82 நிமிடப் பிரதி இரண்டும் இருக்கின்றன, கூடவே 'கில்லர் ஆஃப் ஷீப்' படமும் சில குறும்படங்களும். 82-ஐ முதலில் பாருங்கள், அதுதான் இயக்குநர் முடித்த படம். பிறகு 115-ஐப் பார்த்தால் 1983-ல் நியூயார்க் விமர்சகர்கள் எதைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பெழுதினார்கள் என்று தெரியும். 'கில்லர் ஆஃப் ஷீப்' மட்டும் அந்தத் தொகுப்பில் பார்க்க வேண்டாம்; 2025 பிரதி கிடைத்தால் அதில் பாருங்கள், கடைசிப் பாட்டு அதில்தான் சரியாக இருக்கிறது.